பால் வண்டி எங்கே நின்றது? செயலியில் இருப்பிட மூலத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரையுள்ள ஊர்களில் பால் எடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்காக 2022-இல் நாங்கள் ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதினோம். கோவையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய குழு எங்களுடையது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. நடந்தது என்ன, எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். இருப்பிடத்தை வைத்து வேலை செய்யும் செயலி எழுதுகிற யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

விடியற்காலை 5 மணிக்குக் குளிரூட்டும் நிலையத்திலிருந்து 6 வண்டிகள் கிளம்பும். ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கொள்முதல் மையங்களுக்குப் போய்க் கேன்களை ஏற்றிக்கொண்டு எட்டரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மொத்தம் 52 மையங்கள். கறந்த பால் வெயிலில் காத்திருக்காது, அதனால் நேரம் முக்கியம். அதுவரை டிரைவர்கள் ஒரு டிரிப் ஷீட் வைத்திருந்தார்கள். மையப் பொறுப்பாளர் அதில் நேரத்தையும் கேன் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் மதியமாகிவிடும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று உடனுக்குடன் தெரிய வேண்டும், தாளின் இடத்தில் செயலி வர வேண்டும் என்பதுதான் நிறுவனம் கேட்டது.

டிரைவர் தன் போனில் செயலியைத் திறந்து, ஒவ்வொரு மையத்திலும் ‘வந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்துவார். போன் அப்போதைய இருப்பிடத்தையும் நேரத்தையும் சர்வருக்கு அனுப்பும். மையத்தின் பதிவான இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தால் ‘வந்தார்’, இல்லையென்றால் ‘வரவில்லை’. ஒரு மையத்தைத் தவறவிட்டால் 150 ரூபாய் பிடித்தம். இந்த விதியை நிறுவனம் சொன்னது, நாங்கள் அப்படியே எழுதிக் கொடுத்தோம். 200 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

முதல் பதிப்பில் எடுத்த முடிவு

ஆண்ட்ராய்டில் இருப்பிடம் கேட்கும்போது அதை எந்த மூலத்திலிருந்து எடுப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் செயலிகளுக்கு இருப்பிடம் எடுத்துத் தரும் லொகேஷன் மேனேஜர் என்ற பகுதியில் மூன்று பழைய வழிகள் உண்டு. ஜிபிஎஸ் என்ற பெயரில் இருப்பது செயற்கைக்கோள்களைக் கேட்டு இடத்தைக் கணிப்பது. நெட்வொர்க் என்பது, போனுக்குத் தெரிகிற செல் கோபுரங்களையும் சுற்றியுள்ள வைஃபை கருவிகளையும் ஒரு பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. பாசிவ் என்பது வேறு செயலி கேட்டு வாங்கியதை நாமும் பார்த்துக்கொள்வது. இவை போக, கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக 2013 முதல் கிடைக்கும் ஃபியூஸ்டு லொகேஷன் புரொவைடர் இருக்கிறது. அது எல்லா மூலங்களையும் போனின் அசைவு உணரிகளையும் சேர்த்து ஒரே விடையாகத் தரும்.

நாங்கள் நெட்வொர்க்கை முதலில் வைத்தோம். அது இடம் சொல்லாவிட்டால் மட்டும் ஜிபிஎஸ். காரணம் எங்கள் அலுவலகம். மூன்றாவது மாடியில், ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்து சோதித்தபோது ஜிபிஎஸ் ஒரு நிமிடம் ஆனாலும் இடம் சொல்லவில்லை. நெட்வொர்க் இரண்டு விநாடியில் சொன்னது, அதுவும் 25 மீட்டர் பிழைக்குள். நகரத்துக்கு நடுவில், பக்கத்துக் கட்டடங்களில் எல்லாம் வைஃபை இருக்கும்போது அப்படித்தான் வரும். வேகமாகவும் வருகிறது, பேட்டரியும் மிச்சமாகிறது, சரி, இதுவே போதும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு முடிவும் அதோடு சேர்ந்துகொண்டது. பொத்தானை அழுத்தியதும் டிரைவர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, போனிடம் ‘கடைசியாகத் தெரிந்த இடம்’ இருந்தால் அதையே அனுப்பும்படி எழுதினோம். அது எப்போது எடுக்கப்பட்ட இடம் என்று பார்க்கவில்லை. சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பதிந்தோம்.

சோதனைக்காக ஒரு நாள் காரில் கோவை நகருக்குள்ளேயே காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை போய்வந்தோம். எல்லாம் சரியாக இருந்தது. பால் எடுக்கும் ஊர்களுக்கு ஒருவரும் போகவில்லை.

புகார்கள்

முதல் மாதச் சம்பளத்தின்போதே சத்தம் வந்தது. ஆறு டிரைவர்களில் நான்கு பேருக்குப் பிடித்தம். அதிகமாகப் பிடிக்கப்பட்டவருக்கு 14 மையங்கள், அதாவது 2,100 ரூபாய். இருபது வருடமாக அதே தடத்தில் வண்டி ஓட்டுபவர். நிறுவன மேலாளர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, ‘இவங்க ஏதாச்சும் ஏமாத்தறாங்களா?’ என்பது. எங்களுக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. போலி இருப்பிடம் காட்டும் செயலிகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி வந்த இடத்தை ஆண்ட்ராய்டு தனியே குறித்துத் தருகிறது. அந்தக் குறியைப் பதிவு செய்ய இரண்டாவது வாரம் ஒரு திருத்தம் அனுப்பினோம். அடுத்த 20 நாளில் ஒரு போலிக் குறிகூட வரவில்லை. யோசித்துப் பார்த்தால், வராத இடத்துக்கு வந்ததாகக் காட்டத்தான் ஒருவர் போலி இருப்பிடம் வைப்பார். இங்கே நடந்ததோ நேர்மாறு. அங்கேயே நின்றவரைச் செயலி வரவில்லை என்றது.

இரண்டாவது மாதமும் அதேபோல் பிடித்தம் போனது. மூன்றாவது மாதம் ஒரு டிரைவர் வேலையை விட்டுவிட்டார்.

பதிவேட்டில் தெரிந்தது

உண்மையைத் தேட ஆரம்பித்தபோது எங்கள் கையில் இருந்தது அட்சரேகை, தீர்க்கரேகை, சர்வர் நேரம் ஆகிய மூன்று மட்டுமே. இருப்பிடம் எந்த மூலத்திலிருந்து வந்தது, அதன் பிழை எத்தனை மீட்டர், எத்தனை விநாடி பழையது என்று ஒன்றும் பதியவில்லை. இந்த மூன்றையும் போன் நமக்குக் கையில் கொடுக்கிறது. நாங்கள்தான் வாங்கிக் கீழே போட்டிருந்தோம்.

ஆனாலும் அந்தப் பழைய பதிவிலேயே ஒரு துப்பு கிடைத்தது. ‘வரவில்லை’ என்று விழுந்த வரிகளை மட்டும் எடுத்து இடவாரியாக அடுக்கினேன். ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகை, கடைசித் தசமம் வரை மாறாமல் திரும்பத் திரும்ப வந்திருந்தது. வெவ்வேறு நாட்கள், மூன்று வெவ்வேறு போன்கள், ஒன்றுக்கொன்று 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு மையங்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் இடம் இப்படி வராது. போனை மேசையில் வைத்துவிட்டு நகராமல் இருந்தாலும் அது ஓரிரு மீட்டர் ஆடிக்கொண்டே இருக்கும். தசமம் மாறாமல் வருகிறது என்றால் அது யாரோ ஒரு அட்டவணையிலிருந்து எடுத்துத் தந்த எண். வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது அந்தப் புள்ளி ஒரு தென்னந்தோப்புக்குள் விழுந்தது. அந்த வட்டாரத்தில் வைஃபை இல்லை, ஒரே ஒரு கோபுரம்தான் எடுக்கிறது. அதனால் அந்தக் கோபுரம் கவனிக்கும் பரப்புக்கு ஒரே ஒரு விடை. சுற்று வட்டாரத்தில் யார் எங்கே நின்று கேட்டாலும் அதே தென்னந்தோப்பு.

பிழை வட்டத்தையும் (சொன்ன இடம் எத்தனை மீட்டர் வரை தள்ளியிருக்கலாம் என்று போனே தரும் அளவு) மூலத்தையும் இருப்பிடத்தின் வயதையும் பதியும் புதிய பதிப்பை அனுப்பிவிட்டு, அதோடு நிற்காமல் வண்டியில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வண்டியில் போன இரண்டு காலைகள்

அதிகம் பிடித்தம் போன டிரைவரின் வண்டியிலேயே இரண்டு நாள் போனேன். கண்ணாடிக்குக் கீழே மூன்று போன்களை வைத்தோம். அவருடையதில் எங்கள் செயலி, என்னுடைய ஒன்றில் ஜிபிஎஸ் மட்டும், மற்றொன்றில் ஃபியூஸ்டு. கிளம்பி ஐந்து நிமிடத்தில் அவர் சொன்னது இது: “தம்பி, பால எடுத்துட்டுத்தானுங்க நான் போனேன். கேன் கணக்கு ஆபீஸ்லயே இருக்குதுங்க. உங்க போனு மட்டும்தான் நான் வரலைன்னு சொல்லுது.” எனக்கு அது சுருக்கென்று தைத்தது. மையத்தில் ஏற்றிய கேன், குளிரூட்டும் நிலையத்தில் இறக்கும்போது எண்ணப்படுகிறது. அவர் அந்த மையத்துக்குப் போனார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எது? அந்தக் கணக்கும் எங்கள் செயலியின் கணக்கும் ஒரே அலுவலகத்தில் இரண்டு மேசைகளில் இருந்தன. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் மையத்தை 5.40-க்கு அடைந்தோம். அவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் செயலியைத் திறப்பார், எல்லா டிரைவர்களும் அப்படித்தான். பொத்தானை அழுத்தியதும் நெட்வொர்க் ஒரு இடம் தந்தது. பிழை வட்டம் 1,900 மீட்டர். ஜிபிஎஸ் மட்டும் ஓடிய போனில் நான் வேண்டுமென்றே அங்கே போய்த்தான் அதை இயக்கினேன். அது இடம் சொல்ல ஒன்றரை நிமிடம் ஆனது. அதற்குள் அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேன் தூக்கப் போய்விட்டார்.

இந்த ஒன்றரை நிமிடம் எதனால் என்பதைப் புரிந்துகொண்டது எங்களுக்கு மிகவும் உதவியது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இப்போது எங்கே இருக்கிறேன் என்ற சுற்றுப்பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. அந்த விவரம் அடங்கிய ஒரு சட்டகம் முழுவதும் வந்து சேர 30 விநாடி ஆகும். நடுவில் மரமோ கூரையோ மறைத்துச் சிக்னல் அறுந்தால், விட்டுப்போனது அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கி வைத்த விவரமும் சுமார் 4 மணி நேரத்துக்குத்தான் நல்லது. இரவு முழுக்க ஜிபிஎஸ் ஓடாமல் கிடந்த போனிடம் விடியற்காலையில் இருப்பது நேற்றைய பழைய விவரம். நகரத்தில் இது நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் போன் அந்த விவரத்தை இணையம் வழியாகச் சட்டென்று இறக்கிக்கொள்கிறது. அடிவார ஊரில் டேட்டா சிக்னல் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த உதவி வருவதில்லை. நெட்வொர்க்குக்குப் பதிலாக ஜிபிஎஸ்ஸை முதலில் வைத்திருந்தாலும், முதல் மையத்தில் நாங்கள் இப்படித்தான் மாட்டியிருப்போம்.

இரண்டாவது மையத்தில் அவருடைய போன் அனுப்பிய இடம் முதல் மையத்தினுடையது, 22 நிமிடம் பழையது. ‘கடைசியாகத் தெரிந்த இடம்’ செய்த வேலை.

ஐந்தாவது மையத்தில் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. வானம் வெளுத்திருந்தது, சுற்றிலும் திறந்த வெளி, என்னுடைய இரண்டு போன்களும் 8 மீட்டருக்குள்ளான பிழையோடு ஒரே இடத்தைச் சொல்லின. அப்படியும் பதிவான இடத்திலிருந்து 430 மீட்டர் தள்ளி இருந்தோம். மையத்தின் இடமே தவறு. அலுவலகத்தில் ஊர்ப் பெயரை வரைபடத்தில் தேடி, அது காட்டிய புள்ளியை அப்படியே பதிந்திருந்தார்கள். அந்தப் புள்ளி ஊர் நடுவில் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது, பால் மையமோ ஊருக்கு வெளியே தார்ச்சாலையோரம். பிறகு பார்த்ததில் 52-இல் 17 மையங்கள் இப்படிப் பதியப்பட்டவை. எந்த மூலத்தை எத்தனை கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்த 17 மையங்களில் நேர்மையான டிரைவருக்கு அபராதம் விழுந்திருக்கும்.

இரண்டாம் நாள் இன்னொரு டிரைவரின் போனைப் பார்த்தேன். அது ஆண்ட்ராய்டு 12. அந்தப் பதிப்பிலிருந்து, செயலி துல்லியமான இடம் கேட்டாலும், பயனர் ‘தோராயமாக’ மட்டும் கொடுக்கலாம். அவர் அதைத்தான் தொட்டிருந்தார். அப்படிக் கொடுத்தால் செயலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டருக்குள் ஏதோ ஒரு இடம். அவர் செய்ததில் தவறே இல்லை. எதற்குத் துல்லியம் வேண்டும் என்று செயலி அவரிடம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

கோவைக்குத் திரும்பியதும் நான்கு வழிகளைப் பேசினோம். நெட்வொர்க் மட்டும் என்பது அங்கேயே விழுந்தது.

ஜிபிஎஸ் மட்டும் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. இடம் கிடைத்தால் அது வானத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியும். திறந்த வெளியில் சாதாரண ஸ்மார்ட்போனின் பிழை வழக்கமாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. இன்றைய போன்களில் இந்த மூலத்துக்கு ஜிபிஎஸ் என்று பெயர் இருந்தாலும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ செயற்கைக்கோள்களையும் சேர்த்தே கேட்கின்றன. எங்கள் தயக்கம் இரண்டு: தொடங்க ஆகும் நேரம், பேட்டரி. பேட்டரி விஷயத்தில் வண்டியில் போய்வந்த அனுபவம் கை கொடுத்தது. ஆறு வண்டியிலும் சார்ஜர் இருக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க என்று நாங்கள் முதலில் எடுத்த முடிவுக்கு இந்த வேலையில் அர்த்தமே இல்லை.

மூன்றாவது, மையத்தைச் சுற்றி ஒரு வேலி வரைந்து, அதற்குள் நுழைந்தால் தானே தெரிவிக்கும் ஜியோஃபென்ஸ் வசதி. பொத்தானே வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது பேட்டரியை மனதில் வைத்து அமைந்தது. செயலி பின்னணியில் இருந்தால் செய்தி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். போன் நெடுநேரம் அசையாமல் இருந்திருந்தால் 6 நிமிடம் வரைகூடப் போகலாம். எங்கள் வண்டி ஒரு மையத்தில் நிற்பதே நான்கைந்து நிமிடம். விட்டுவிட்டோம்.

நான்காவது ஃபியூஸ்டு. இதில் முன்னுரிமை என்று ஒன்று சொல்ல வேண்டும். ‘சமநிலை’ என்று கேட்டால் ஏறக்குறைய 100 மீட்டர் அளவுக்கான இடம் தரும், செயற்கைக்கோளை எழுப்பாமலேயே தந்துவிடலாம். ‘உயர் துல்லியம்’ என்றால் செயற்கைக்கோளை ஓடவைக்கும். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. வரும் இடத்தின் மூலம் என்ன என்று கேட்டால் எப்போதும் ‘ஃபியூஸ்டு’ என்ற ஒரே சொல்தான் பதில். அது வானமா கோபுரமா என்று சொல்லாது. கூலியைத் தீர்மானிக்கிற இடத்தில் அது தெரியாமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

கடைசியில் ஃபியூஸ்டையே உயர் துல்லியத்தில் எடுத்தோம். அதோடு, செயற்கைக்கோள் நிலையைத் தெரிவிக்கும் வசதியையும் பக்கத்திலேயே ஓடவிட்டு, இடம் கணிக்கப்பட்ட அந்த நேரத்தில் எத்தனை செயற்கைக்கோள்கள் பயன்பட்டன என்ற எண்ணையும் சேர்த்துப் பதிந்தோம். பூஜ்யம் என்றால் அது கோபுரத்துப் பேச்சு. ஜிபிஎஸ் மட்டும் என்று போகாததற்குக் காரணம், தகரக் கூரைக்குக் கீழே சில விநாடி சிக்னல் அறுந்தாலும் ஃபியூஸ்டு அசைவு உணரிகளை வைத்துச் சமாளித்ததை வண்டியில் நேரில் பார்த்திருந்தேன்.

மூலத்தைப் போலவே அதை எப்போது இயக்குவது என்பதும் முடிவானது. குளிரூட்டும் நிலையத்தின் முற்றத்தில் திறந்த வானத்துக்குக் கீழே, டேட்டா சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், டிரைவர் ‘டிரிப் தொடக்கம்’ அழுத்துவார். அப்போதிருந்து திரும்பி வரும்வரை இருப்பிடம் 5 விநாடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருக்கும். முதல் மையத்தை அடையும்போது போன் ஏற்கெனவே விழித்திருக்கும். ஆண்ட்ராய்டு 8 முதல் பின்னணியில் இருக்கும் செயலிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சில தடவைதான் இடம் கிடைக்கும். எனவே அறிவிப்புப் பட்டையில் எப்போதும் தெரியும்படியான முன்னணிச் சேவையாக இதை எழுதினோம். செயலி திரையில் இருக்கும்போதே அந்தச் சேவை தொடங்கிவிடுவதால், ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற அனுமதியே போதும். எந்நேரமும் பார்க்கும் அனுமதி தேவையில்லை. டிரைவர்கள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுவே: வண்டியை விட்டு வீட்டுக்குப் போன பிறகும் இது பார்க்குமா? பார்க்காது என்று சொல்ல முடிந்தது. டிரிப்பை முடித்தால் அறிவிப்பு மறையும், அவர்களே கண்ணால் பார்க்கலாம்.

‘கடைசியாகத் தெரிந்த இடம்’ முற்றிலும் நீங்கியது. பொத்தானை அழுத்தும்போது 15 விநாடிக்கு மேல் பழைய இடம் ஏற்கப்படாது. இந்த வயதைப் போனின் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. கடிகாரத்தை யாரும் மாற்றலாம், அது தானாகவும் திருத்திக்கொள்ளும். போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் எண்ணி ஒன்று ஒவ்வொரு இருப்பிடத்தோடும் வருகிறது. அதைத்தான் எடுக்க வேண்டும்.

‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடை

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதும் முடிவு இது. ஆண்ட்ராய்டு தரும் பிழை வட்டத்தை நாங்கள் உட்படப் பலரும் ‘இதற்குள்தான் இருக்கிறார்’ என்று படிக்கிறோம். உண்மையில் அது 68 சதவீத உறுதிக்கான ஆரம். அதாவது, ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை ஆள் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பார், அதிலும் போன் தவறு எதுவும் செய்யவில்லை. ஒரு மாதத்துக்கு ஒரு டிரைவர் இருநூறு தடவைக்கு மேல் பொத்தானை அழுத்துகிறார். மூன்றில் ஒன்றைக் குற்றமாக எண்ணினால் அவர் கதி என்ன?

எனவே விடைகளை மூன்றாக்கினோம். பிழை ஆரம் 50 மீட்டருக்குள் இருந்து, புள்ளியும் மையத்திலிருந்து 150 மீட்டருக்குள் இருந்தால் ‘வந்தார்’. மையத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்திலிருந்து பிழை ஆரத்தின் இரு மடங்கைக் கழித்த பிறகும் 150 மீட்டரைத் தாண்டினால் மட்டும் ‘வரவில்லை’. மற்ற எல்லாம் ‘தெரியவில்லை’. பிழை எல்லாத் திசையிலும் மணிவடிவத்தில், அதாவது நடுவில் அடர்த்தியாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும், பரவியிருக்கிறது என்று கொண்டால், இரு மடங்கு ஆரத்துக்குள் ஆள் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 99 சதவீதம். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது என்பது தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் முன்பிருந்ததோடு ஒப்பிடவே முடியாது. அந்தத் தென்னந்தோப்புப் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். தூரம் 2,400 மீட்டர், பிழை ஆரம் 1,900. இரு மடங்கு 3,800. கழித்தால் மிச்சமே இல்லை. பழைய விதி அதை ‘வரவில்லை’ என்றது, புதிய விதி ‘தெரியவில்லை’ என்கிறது. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஒருவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

‘தெரியவில்லை’ என்று வந்தால் பிடித்தம் கிடையாது, கேன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டோம். அதோடு, ‘வரவில்லை’ என்று வந்தாலும் இயந்திரம் தானாகப் பணம் பிடிக்கக் கூடாது, ஒரு மனிதர் கேன் கணக்கோடு ஒப்பிட்டு டிரைவரிடம் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம். மேலாளர் தயங்கினார். ‘தெரியவில்லை’ என்பதைச் சாக்காக வைத்துக்கொள்வார்கள் என்றார். ஐந்தாவது மையத்தின் 430 மீட்டரைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

டிரைவரின் திரையிலும் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு பொத்தானை அழுத்தினால் ‘பதிவானது’ என்று மட்டும் வரும். இப்போது செயலி அவரை எங்கே நினைக்கிறது, பிழை எத்தனை மீட்டர் என்பது பச்சை, மஞ்சள் வட்டமாகத் தெரியும். மஞ்சளாக இருந்தால் இரண்டடி வெளியே வந்து அழுத்துவார். தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று அவருக்கு அந்த நேரத்திலேயே தெரிய வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

பிறகு நடந்தது

52 மையங்களின் இடத்தையும் புதிதாக அளந்தோம். கேன் வைக்கும் திண்ணையருகே போனோடு ஐந்து நிமிடம் நின்று, வந்த இடங்களின் சராசரியை எடுத்தோம். இதை டிரைவர்களே செய்து கொடுத்தார்கள்.

பழைய மூன்று மாதப் பிடித்தத்தைத் திருப்பிக் கணக்கிட எங்கள் பதிவால் முடியவில்லை, பிழை ஆரமே அதில் இல்லையே. கேன் கணக்குதான் உதவியது. ‘வரவில்லை’ என்ற நாளில் அந்த மையத்தின் கேன்கள் இறங்கியிருந்தால் பணத்தைத் திருப்புவது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. கிட்டத்தட்ட எல்லாமே திரும்பியது. வேலையை விட்டவருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. அவர் திரும்ப வரவில்லை.

புதிய பதிப்பின் முதல் மாதத்தில் ‘வரவில்லை’ இரண்டே இரண்டு. ஒரே நாளில் ஒரே தடத்தில், ஓடையில் தண்ணீர் வந்து பாதை அடைத்த அன்று. அது உண்மை, டிரைவரே போன் செய்து சொல்லியிருந்தார்.

புதிய தொல்லைகளும் வந்தன. இரண்டு போன்களில் அந்தத் தயாரிப்பாளரின் பேட்டரி சேமிப்பு எங்கள் சேவையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது. அமைப்புகளுக்குள் போய்க் கையால் விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. வேறொரு போன் திரும்பி வரும் வழியில் கண்ணாடி வெயிலில் சூடேறி சார்ஜ் ஏற மறுத்தது, அதைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தோம். போனுக்குத் தெரியும் வானம் சற்றுக் குறைந்தது, ஆனால் வேலைக்குப் போதுமானதாகவே இருந்தது.

இன்று செய்தால்

எழுதுவதற்கு முன்பே வண்டியில் ஏறியிருப்பேன். சார்ஜர் இருப்பது, முதல் மையத்தில் செயலி உறங்கியிருப்பது, மையம் ஊருக்கு வெளியே இருப்பது எல்லாம் ஒரே காலையில் தெரிந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றையும் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு இருப்பிடத்தோடும் மூலம், பிழை ஆரம், வயது, செயற்கைக்கோள் எண்ணிக்கை, எந்த அனுமதி இருந்தது என்பதையும் பதிவேன். நான்கைந்து எண்கள்தான், இடமே அடைக்காது. அவை இருந்திருந்தால் முதல் மாதமே கோபுரத்தைக் கண்டுபிடித்திருப்போம்.

பணப் பிடித்தத்தை முதல் சில மாதங்களுக்குச் செயலியோடு இணைக்கவே விட்டிருக்க மாட்டேன். டிரிப் ஷீட்டும் செயலியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்போம் என்று சொல்லியிருப்பேன். மேலாளர் அதற்குச் சம்மதித்திருப்பார் என்றே நினைக்கிறேன். நாங்கள் கேட்கவில்லை.

ஒரு மையம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு பாறைச் சரிவுகளுக்கு நடுவில், புளியமரத்தடியில் தகரக் கொட்டகை. வானத்தில் ஒரு கீற்றுதான் தெரியும். அங்கே வாரத்தில் பாதி நாள் ‘தெரியவில்லை’ என்றே வருகிறது. இருப்பிடத்தைக் கொட்டகைக்கு முந்திய வளைவில் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தோம். டிரைவர் வேண்டாம் என்றார், வளைவில் வண்டியை நிறுத்த இடமில்லை. அதனால் அந்த ஒரு மையத்துக்கு மட்டும் பழைய டிரிப் ஷீட் வண்டியில் இருக்கிறது. மையத்து அக்கா நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், டிரைவர் அதைப் படமெடுத்துச் செயலியில் சேர்க்கிறார்.